அளவை நம்பாதீர்கள், இடுப்பைப் பாருங்கள்: காட்டுப் பேரெறும்பு பற்றி வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ஜீவனைப் பற்றியவை. மலேசிய மழைக்காடுகளில் இருட்டியதும் மரவேர்களைச் சுற்றி நடமாடும் அந்தப் பெரிய எறும்புதான் அது. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களின் கடிதங்களை ஒன்றாக்கிவிட்டோம். தமிழில் இதற்கென்று நிலைத்த பெயர் இல்லாததால் இங்கே ‘பேரெறும்பு’ என்று வைத்துக்கொள்வோம். அறிவியல் பெயர் டைனோமிர்மெக்ஸ் ஜிகாஸ்.

கேள்வி: தாமான் நெகாராவில் இரவு நடை போனபோது, ஒரு பெரிய மரத்தின் பலகை வேர் மேல் இரண்டங்குல நீளத்தில் கருப்பு எறும்பைப் பார்த்தோம். வழிகாட்டி ‘ஜயண்ட் ஆண்ட்’ என்றார். கைப்பேசியில் எடுத்த படம் மங்கல். அது அந்த இனம்தானா என்று எப்படி உறுதி செய்வது? (ஈப்போ வாசகர்)

பதில்: முதலில் இரண்டங்குலத்தைச் சரிசெய்துவிடுவோம். இரண்டங்குலம் என்றால் 50 மில்லிமீட்டர். அவ்வளவு நீளமான வேலைக்கார எறும்பு இன்று உலகில் எங்கேயும் இல்லை. இருட்டில், கைவிளக்கு வெளிச்சத்தில், நீண்ட கால்களையும் உணர்கொம்புகளையும் சேர்த்துக் கண் அளந்துவிடுகிறது. எறும்பின் நீளம் என்பது தாடையின் நுனியிலிருந்து வயிற்றின் நுனி வரை மட்டும்தான். அப்படி அளந்தால் பேரெறும்பின் சாதாரண வேலைக்காரி சுமார் 21 மி.மீ., பெருந்தலைச் சிப்பாய் சுமார் 28 மி.மீ. வரும். நம் பொன்னிற 20 சென் காசின் விட்டம் 20.6 மி.மீ. தலையும் வாலும் காசின் இரு விளிம்பைத் தொட்டு நின்றால் அது சாதாரண வேலைக்காரி என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நீளத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். நாங்கள் பார்க்கும் வரிசை வேறு. இடுப்பிலிருந்து தொடங்குவோம். எறும்பின் மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே மெல்லிய இடுப்பு இருக்கும். அதில் ஒரு கணுவா, இரண்டு கணுவா? பேரெறும்புக்கு ஒன்றே ஒன்று. கணு வழவழப்பாக இருக்கும், முள் கிடையாது. இரண்டு கணு தெரிந்தால் வேறு குடும்பக் கிளை, அங்கேயே நிறுத்திவிடலாம்.

அடுத்து வயிற்றின் நுனி. பேரெறும்புக்குக் கொடுக்கு இல்லை. கொடுக்கு இருக்க வேண்டிய இடத்தில் சின்ன வட்டத் துவாரமும் அதைச் சுற்றி மயிர் வளையமும் இருக்கும். பார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும் குழாய் வாய் அது. 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் இது தெரியும், வெறும் கண்ணுக்குத் தெரியாது.

பிறகு முகம். உணர்கொம்பு முழங்கை மாதிரி மடிந்திருக்கும், வேலைக்காரியில் 12 கணுக்கள். அது முகத்தில் எந்த இடத்திலிருந்து முளைக்கிறது என்பதுதான் முக்கியம். தாடைக்கு மேலே உள்ள தகட்டின் விளிம்பை ஒட்டி முளைக்காமல், நன்றாக மேலே தள்ளி முளைத்திருந்தால் கட்டெறும்புக் கூட்டத்தைச் சேர்ந்தது. பேரெறும்பு அந்தக் கூட்டம்தான்.

இந்த மூன்றும் பொருந்தி, உடல் 20 மி.மீ.-க்குக் குறையாமல், உடலை மிஞ்சும் நீண்ட கால்களும், பக்கவாட்டில் பார்க்க நீளமான மெலிந்த மார்பும் இருந்து, பார்த்த இடம் மழைக்காடாகவும் நேரம் இரவாகவும் இருந்தால் உங்கள் வழிகாட்டி சொன்னது சரி. நீங்கள் அனுப்பிய படத்தில் இடுப்பின் ஒற்றைக் கணு மட்டும் தெளிவாக இருக்கிறது. மார்பின் நீளமும் இடமும் நேரமும் ஒத்துப்போகின்றன. பேரெறும்பு என்றே எடுத்துக்கொள்ளலாம், இரண்டங்குலத்தை மட்டும் கைவிட்டுவிட்டால்.

கேள்வி: வீட்டுச் சமையலறையில் வரும் கட்டெறும்பு நன்றாகத் தின்று வளர்ந்தால் இப்படி ஆகுமா? (கிள்ளான் வாசகி)

பதில்: ஆகாது. கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த பிறகு எந்த எறும்பும் வளர்வதில்லை. எவ்வளவு பெரியது என்பது புழுவாக இருக்கும்போதே தீர்ந்துவிடுகிறது. வயிறு நிறையத் தேனைக் குடித்தால் வயிறு மட்டும் உப்பும், அவ்வளவுதான்.

கேள்வி: காஜாங் அருகே சிறு காட்டில் பிடித்த பெரிய கருப்பு எறும்பின் படம் இணைத்துள்ளேன். இணையத்தில் பார்த்துப் பேரெறும்பு என்று முடிவு செய்தேன். ஆனால் அது கொட்டிவிட்டது, நன்றாக வலித்தது. பேரெறும்புக்குக் கொடுக்கு இல்லை என்கிறார்களே? (காஜாங் வாசகர்)

பதில்: கொட்டிய நொடியிலேயே அது பேரெறும்பு இல்லை என்று ஆகிவிட்டது. உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உடம்பு முழுக்க விரல் ரேகை மாதிரி வரிவரியாகப் பள்ளங்கள் ஓடுகின்றன. இடுப்புக் கணுவின் மேல் பின்பக்கம் பார்த்து இரண்டு முட்கள் நிற்கின்றன. இந்த இரண்டும் சேர்ந்தால் டயக்கம்மா. தரையில் தனியாக வேட்டையாடும் எறும்பு, நீளம் பேரெறும்பில் ஏறத்தாழப் பாதிதான்.

இந்தத் தவறு அடிக்கடி வருவதால் மற்ற சந்தேகப் பேர்வழிகளையும் சொல்லிவிடுகிறோம். மார்பிலும் இடுப்பிலும் கொக்கி போல் அல்லது ஊசி போல் முட்கள், சிலவற்றில் வயிற்றின் மேல் பொன்மயிர்ப் பளபளப்பு என்றால் பாலிராக்கிஸ். இதற்கும் கொடுக்கு இல்லை, இதுவும் அமிலம்தான் பீய்ச்சும், ஆனால் அளவில் சிறியது. தாடை இரண்டும் நேர்கோட்டில் 180 பாகை விரிந்து, பொறி மாதிரி ‘டிக்’ என்று மூடினால் ஒடோண்டோமாக்கஸ். கொட்டும். தலை கருப்பு, மார்பு செம்மஞ்சள், வயிறு கருப்பு என்று மூன்று துண்டாக நிறம் பிரிந்து, மரத்தில் வேகமாக ஏறி இறங்கினால் டெட்ராபொனேரா ரூஃபோநிக்ரா. இதனிடம் மட்டும் விளையாட வேண்டாம். இது கொட்டிச் சிலருக்கு உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை வந்திருக்கிறது. மாமரத்தில் இலைகளை ஒட்டிக் கூடு கட்டும் செம்மஞ்சள் முசுறு, மலாயில் கெரங்கா, எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

எறும்பே அல்லாத ஒன்றும் இந்தப் பட்டியலில் உண்டு. காட்டுத் தரையில் கருப்பாக, பெரிதாக, வரிசை வரிசையாக ஊர்ந்து போகும் மேக்ரோடெர்மஸ் கார்பனேரியஸ் என்ற கரையானைப் பார்த்து ‘ராட்சத எறும்புப் படை’ என்று எழுதியவர்கள் இந்த மாதம் மட்டும் மூன்று பேர். கரையானுக்கு இடுப்பு ஒடுங்காது. உணர்கொம்பு மடியாமல், பாசி கோத்த மாதிரி நேராக இருக்கும். இந்த இரண்டைப் பார்த்தால் போதும்.

கேள்வி: ஒரே மரத்தடியில் இரண்டு விதமான எறும்புகள். ஒன்றுக்குத் தலை பெரிது, உடல் பெரிது. மற்றது மெலிந்தது. இரண்டு இனங்கள் ஒன்றாக வாழ்கின்றனவா? (தைப்பிங் வாசகர்)

பதில்: ஒரே தாய் பிள்ளைகள். மெலிந்தது சாதாரண வேலைக்காரி, பெருந்தலை சிப்பாய். இரண்டுமே பெண்கள். பேரெறும்பில் இந்த இரண்டு அளவுக்கும் நடுவில் உள்ளவை குறைவு என்பதால், பார்ப்பவருக்கு இரண்டு இனம் போலத்தான் தோன்றும். பெருந்தலைக்குள் பெரும்பகுதி மூளை அல்ல, தாடையை இழுக்கும் தசை.

இந்தச் சிப்பாய்களின் வேலை தெரிந்தால் இன்னும் சுவையாக இருக்கும். சபாவின் கினபாலு பூங்காவில் ஃபைஃபர், லின்சென்மையர் என்ற இரு ஆய்வாளர்கள் 1990களில் பேரெறும்பை நெடுநாள் பின்தொடர்ந்தார்கள். இரு குடும்பங்களின் எல்லை சந்திக்கும் இடத்தில், இரவுதோறும் இரு பக்கச் சிப்பாய்களும் வந்து நின்று முன்கால்களால் ஒன்றையொன்று குத்திப் பலம் பார்க்கின்றன. கொலை இல்லை, பெரும்பாலும் சடங்குச் சண்டைதான். ஒரே இடத்தில் வாரக்கணக்கில் இது நடக்கும். அடிக்கடி சண்டை நடக்கும் எல்லைக்குப் பக்கத்திலேயே சிப்பாய்கள் தங்க ஒரு கூட்டை வைத்திருந்ததையும் அவர்கள் கண்டார்கள். படை முகாம் என்றால் அதுதான். ஆகவே நீங்கள் ஒரு மரத்தடியில் பெருந்தலைகளை மட்டும் நிறையப் பார்த்தால், அது எல்லைக்கோடாக இருக்க வாய்ப்பு அதிகம். வேற்று இன எறும்பு எல்லைக்குள் நுழைந்தால் இந்த மரியாதை கிடைக்காது, அங்கே சாவுச் சண்டைதான்.

கேள்வி: என் மகன் யூடியூபில் ‘புல்லட் ஆண்ட்’ கடித்து ஒருவர் தரையில் உருள்வதைப் பார்த்துவிட்டு, நம் காட்டுக்கே வர மாட்டேன் என்கிறான். இரண்டும் ஒன்றா? (சிரம்பான் வாசகி)

பதில்: மகனிடம் சொல்லுங்கள்: நடுவில் பசிபிக் பெருங்கடல் இருக்கிறது. புல்லட் எறும்பு, பாரபொனேரா கிளவாட்டா, மத்திய அமெரிக்காவிலிருந்து தென்னமெரிக்காவின் பராகுவே வரையுள்ள ஈரக்காடுகளில் மட்டும் வாழ்வது. வேலைக்காரி 18 முதல் 30 மி.மீ. வரை இருப்பதால் அளவில் பேரெறும்போடு போட்டி போடும். மற்றபடி உறவு மிகத் தூரம்.

பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் உடனே தெரியும். புல்லட் எறும்பு தடித்த உடல், செம்மை கலந்த கருப்பு, பார்க்கச் சொரசொரப்பு. கழுத்துக்குப் பின்னால் மார்பின் முன்மூலைகள் இரண்டும் மொட்டைக் கொம்பு போல் புடைத்திருக்கும். உணர்கொம்பை மடித்து வைக்கத் தலையில் ஆழமான பள்ளம் உண்டு. பேரெறும்பில் இவை எதுவும் இல்லை. அதன் மார்பு மேல்கோடு கொம்பும் முள்ளும் இல்லாமல் வழவழப்பாக ஓடும்.

வீடியோவில் அவர் உருண்டது கடித்ததால் அல்ல, கொட்டியதால். அந்தக் கொடுக்கில் உள்ள பொனேராடாக்சின் என்ற நஞ்சு, நரம்பில் சோடியம் போகும் வாயிலை மூடவிடாமல் செய்கிறது. நரம்பு ஓயாமல் வலிச் செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஸ்பானிய மொழி பேசும் ஊர்களில் ‘இருபத்துநான்கு’ எறும்பு என்று ஒரு பெயர் உண்டு, வலி ஒரு நாள் நிற்கும் என்பதால். நம் பேரெறும்புக்குக் கொடுக்கே இல்லை. ஆளைக் கண்டால் அது பொதுவாக விலகித்தான் போகும்.

கேள்வி: பேரெறும்பு கடித்தால் என்ன செய்வது? (பல கடிதங்கள்)

பதில்: அதைக் கையில் பிடித்து நசுக்காதவரை பொதுவாகக் கடிக்காது. கடித்தால் தாடை தோலைக் கிள்ளும், அந்தக் கிள்ளலின் மேல் அமிலம் பீய்ச்சினால் எரியும். சோப்பு போட்டுத் தண்ணீரில் கழுவினால் தீர்ந்தது. கண்ணில் அமிலம் பட்டால் மட்டும் சுத்தமான தண்ணீரை 15 நிமிடம் விடாமல் ஊற்றிக் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். முகத்துக்கு நெருக்கமாகப் படம் எடுப்பவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: நான் சபாவில் எடுத்த படத்தில் வயிறு வெளிறிய மஞ்சள் பழுப்பு. நண்பர் பகாங்கில் எடுத்ததில் வயிறு கரும்பழுப்பு. இரண்டும் ஒரே இனம் என்று எப்படிச் சொல்வது? (கோத்தா கினபாலு வாசகர்)

பதில்: ஒரே இனம்தான், இரண்டு உபஇனம். சுமத்ராவிலிருந்து மலாய் தீபகற்பம் வரை இருப்பது கருமை மிகுந்தது. போர்னியோவில் இருப்பது போர்னியென்சிஸ் என்ற உபஇனம், வயிறு மஞ்சள் பழுப்பு, உடலும் சற்றுச் சிறியது. இரண்டிலும் தலையும் மார்பும் கருப்பு.

ஆனால் ஒன்று. நிறத்தை வைத்து முடிவெடுக்கும்போது படத்தின் நிறத்தை நம்பாதீர்கள். ஃபிளாஷ் நேராக விழுந்தால் வழவழப்பான கருப்பு உடம்பு சாம்பலாகவோ பழுப்பாகவோ தெரியும். கூட்டுப்புழுவிலிருந்து புதிதாக வந்த எறும்பும் சில நாள் வெளிறியே இருக்கும். இன்னொரு ஏமாற்று, நிறைய குடித்த எறும்பு. வயிறு உப்பும்போது தகடுகள் விலகி, நடுவில் உள்ள சவ்வு வெளிறிய பட்டைகளாகத் தெரியும். அதைப் பார்த்து ‘வரிவயிறு எறும்பு, புது இனம்’ என்று சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. வயிறு வற்றினதும் இனமும் மறைந்துவிடும்.

கேள்வி: பழைய புத்தகத்தில் கேம்போனோட்டஸ் ஜிகாஸ், இணையத்தில் டைனோமிர்மெக்ஸ் ஜிகாஸ். எது சரி? (பினாங்கு ஆசிரியர்)

பதில்: இரண்டும் அதே எறும்பு, இன்றைய பெயர் பின்னது. பிரெஞ்சு அறிஞர் லாட்ரேய் 1802-ல் இதற்கு ஃபார்மிக்கா ஜிகாஸ் என்று பெயரிட்டார். அப்போது ஏறக்குறைய எல்லா எறும்பும் ஃபார்மிக்காதான். பிறகு கட்டெறும்புப் பேரினமான கேம்போனோட்டஸில் நீண்ட காலம் இருந்தது. 2016-ல் மரபணு ஒப்பீட்டை வைத்து இந்தக் கூட்டத்தை மறுவகைப்படுத்தியபோது தனிப் பேரினமானது. உடலிலும் ஒரு அடையாளம் உண்டு: பின்னங்காலின் அடிக்கு மேலே, மார்பின் பக்கவாட்டில் ஒரு சுரப்பியின் துவாரம். பெரும்பாலான கேம்போனோட்டஸுக்கு அந்தச் சுரப்பி கிடையாது, பேரெறும்புக்கு உண்டு. பள்ளிக் கண்காட்சிக்கு எழுதும்போது ‘முன்பு கேம்போனோட்டஸ்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் பழைய புத்தகம் வைத்திருப்பவர் சண்டைக்கு வர மாட்டார்.

கேள்வி: பகலில் தேடினால் ஒன்றிரண்டு தனியாகத் தரையில் அலைகின்றன. மற்றவை எங்கே? கூட்டத்தோடு பார்க்க எப்போது போக வேண்டும்? (குவாந்தான் வாசகர்)

பதில்: மற்றவை தரைக்கடியில் தூங்குகின்றன என்று சொல்லலாம். பேரெறும்பு இராக்கால ஜீவன். சூரியன் மறைந்த உடனே கூட்டு வாயிலிலிருந்து வரிசையாகப் புறப்பட்டு அடிமரத்தில் ஏறி மர உச்சிக்குப் போய்விடும். இரவெல்லாம் அங்கேதான் வேலை. விடியும் நேரத்தில் இறங்கும். பகலில் நீங்கள் பார்த்தது தரையில் துழாவும் சொற்பம்.

எனவே நேரம் முக்கியம். தீபகற்பத்தில் சூரியன் மறைவது சுமார் 7 மணியிலிருந்து 7.30-க்குள். சபாவில் கடிகாரம் ஒன்றுதான், ஆனால் இருட்டு ஏறத்தாழ ஒரு மணி முன்பே வரும். தீபகற்பத்துக் கணக்கில் அங்கே போய் நின்றால் ஊர்வலம் முடிந்திருக்கும். மறைவுக்கு அரை மணி முன்னால் பலகை வேர்கள் உள்ள பெரிய மரத்தடியில், வேரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, எறும்பின் பாதையை மிதிக்காத இடமாகப் பார்த்து நில்லுங்கள். கைவிளக்கின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள். சிவப்பு ஒளி எறும்புக்குச் சரியாகத் தெரியாது, நடையை மாற்றாமல் போகும். வெள்ளை விளக்கை நேராகக் காட்டினால் வரிசை கலைந்து, வேரின் மறுபக்கம் சுற்றிப் போய்விடும். கொசு மருந்தைக் கையில் தெளித்துவிட்டு அதே கையை வேரில் ஊன்றினாலும் வரிசை உடையும்.

உச்சியில் என்ன செய்கின்றன? பெரும்பாலும் தேன்கசிவு குடிக்கின்றன. சாறுண்ணிப் பூச்சிகள் மரச்சாற்றை உறிஞ்சிவிட்டு வெளியேற்றும் இனிப்பு நீர் அது. கினபாலு ஆய்வில் இந்த எறும்பு கொண்டுவந்த உணவில் பத்தில் ஒன்பது பங்கு அதுதான். மீதி பூச்சிகளும், வியப்பாக இருக்கும், பறவை எச்சமும். மரத்திலிருந்து இறங்கி வரும் எறும்பைப் பாருங்கள், தாடையில் ஒன்றும் இருக்காது. வெறுங்கையோடு வருகிறது என்று நினைக்க வேண்டாம், சுமை வயிற்றுக்குள் இருக்கிறது. ஏறும்போது ஒட்டிய வயிறு இறங்கும்போது உருண்டு இருப்பதைக் கவனித்தால் போதும்.

ஒரு குடும்பத்துக்கு ஒரு கூடு என்றும் நினைக்காதீர்கள். அதே ஆய்வில் 8 முதல் 14 நிலத்தடிக் கூடுகள் ஒரே குடும்பத்துக்கு இருந்தன. கணக்கெடுத்த ஒரு குடும்பத்தில் வெளியே போகும் எறும்புகள் மட்டும் சுமார் 7000, ஆண்ட பரப்பு 0.8 ஹெக்டேர். ஏறத்தாழ இரண்டு ஏக்கர். கூட்டுக்குக் கூடு உணவும் புழுக்களும் கைமாறும். அந்தப் போக்குவரத்துக்கென்றே சில வேலைக்காரிகள் உண்டு. அதனால் 30 மீட்டர் தள்ளி வேறொரு மரத்தடியில் பார்த்த எறும்பும் அதே குடும்பமாக இருக்கலாம். இரண்டு ‘கூடு’ கண்டுபிடித்தேன் என்று எழுதும் முன் இதை யோசியுங்கள். அவை சந்தித்தால் உணர்கொம்பால் தடவிக்கொண்டு கடந்து போகின்றனவா, முன்காலைத் தூக்குகின்றனவா என்று பார்த்தால் விடை கிடைக்கும்.

கேள்வி: கூடாரத்து விளக்கில் இறக்கை முளைத்த பெரிய எறும்பு வந்து விழுந்தது. இதுவா? (ஜெரான்துட் வாசகர்)

பதில்: இருக்கலாம். பேரெறும்பின் புது ராணிகளும் ஆண்களும் மாலை மங்கியதும் பறப்பவை. போர்னியோவில் கவனித்தபோது இந்தப் பறத்தல் சுமார் 188 நாள் இடைவெளியில் திரும்ப வந்தது. ஆண்டுக்கு ஒரு முறை என்ற கணக்குக்கு அது ஒத்துவரவில்லை. அதனால் ‘போன வருடம் இதே தேதியில் வந்ததே’ என்று காத்திருந்தால் ஏமாறுவீர்கள். அடையாளத்துக்கு: முன்னிறக்கை பெரிது, பின்னிறக்கை சிறிது, இடுப்பு ஒடுங்கியது என்றால் எறும்பு. நான்கு இறக்கையும் ஒரே அளவாக இருந்து, தொட்டதும் உதிர்ந்தால் ஈசல்.

கேள்வி: ஒரு எறும்பைப் பார்த்தால் நிபுணருக்கு அனுப்பும் அளவுக்கு முறையாக விவரிப்பது எப்படி? என்ன எழுத வேண்டும், எத்தனை படம்? (ஜொகூர் பாரு கல்லூரி மாணவர்)

பதில்: மூன்று படம், ஒரு சீட்டு. படங்களில் முதலிடம் பக்கவாட்டுப் படத்துக்கு. மார்பின் மேல்கோடும் இடுப்புக் கணுவின் வடிவமும் அதில்தான் தெரியும். பெரும்பாலானவர்கள் மேலிருந்து எடுத்த ஒரே படத்தை அனுப்புகிறார்கள். அதில் கணு ஒரு கரும்புள்ளி, எங்களாலும் ஒன்றும் சொல்ல முடிவதில்லை. இரண்டாவது, நேர் முகம். தாடைப் பற்கள், மேல் தகடு, உணர்கொம்பு முளைக்கும் இடம் மூன்றும் தெரிய வேண்டும். மூன்றாவதுதான் மேலிருந்து.

அளவுக்காகக் காசு வைப்பவர்கள் ஒரு தவறு செய்கிறார்கள். காசு தரையில் கிடக்கும், எறும்பு குச்சி மேல் நிற்கும். கேமராவிலிருந்து எறும்பு 10 செ.மீ. தூரத்திலும் காசு 11 செ.மீ. தூரத்திலும் இருந்தால், படத்தில் எறும்பு பத்தில் ஒரு பங்கு பெரிதாகிவிடும். 20 மி.மீ. எறும்பு 22 ஆகும். இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். வயிறு உப்பியும் சுருங்கியும் மாறுவதால் மொத்த நீளத்தோடு நிற்காமல், கண்களை ஒட்டித் தலையின் அகலம், முன்முதுகிலிருந்து பின்மூலை வரை மார்பின் நீளம் இரண்டையும் அளந்து எழுதுங்கள். இவை சாப்பாட்டால் மாறாது.

சீட்டில் தேதி, நேரம், இடம், ஜிபிஎஸ் எண், கடல் மட்டத்திலிருந்து உயரம், காட்டின் வகை, எந்த மரத்தில் அல்லது தரையில், அது என்ன செய்துகொண்டிருந்தது, பார்த்தவர் பெயர். ‘பகாங், காடு’ என்று மட்டும் எழுதிய சீட்டு குப்பைக்குத்தான் போகும்.

உடலை எடுத்து வைப்பதென்றால் முதலில் அனுமதி. தேசியப் பூங்காக்களிலும் காப்புக்காடுகளிலும் அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு எறும்பைக்கூட எடுக்கக்கூடாது. உங்கள் கல்லூரி வழியாக விண்ணப்பியுங்கள். அனுமதி கிடைத்தால் 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். 70 சதவீத மருத்துவ ஸ்பிரிட்டில் உருவம் நிற்கும், மரபணு சிதையும். பேரெறும்பு பெரியது, உடம்பில் தண்ணீர் அதிகம், எத்தனாலை நீர்க்கச் செய்யும். அதனால் ஒரு சிறு குப்பியில் இரண்டு மூன்றுக்கு மேல் அடைக்காமல், மறுநாள் பழைய எத்தனாலை வெளியே ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். சீட்டைப் பென்சிலால் தடித்த தாளில் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பால்பாயிண்ட் மை எத்தனாலில் கரைந்து, ஒரு வாரத்தில் நீல நீரும் வெற்றுத் தாளும்தான் மிஞ்சும். வெளியே ஒட்டிய சீட்டு எப்படியும் உரிந்துவிடும். முடிந்தால் ஒரு சாதாரண வேலைக்காரி, ஒரு சிப்பாய் என்று இரண்டையும் சேர்த்து வையுங்கள். ஒரு அளவை மட்டும் வைத்துக்கொண்டு இனத்தைச் சொல்லக் கேட்பது, அரைப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்துக் கதையைச் சொல்லச் சொல்வது மாதிரி.

கேள்வி: அப்படியானால் உலகிலேயே பெரிய எறும்பு எது? நம்முடையதா? (ஜொகூர் பாரு பள்ளி மாணவி)

பதில்: ‘பெரிய’ என்பதை யாரை வைத்து அளப்பது என்பதைப் பொறுத்தது. வேலைக்காரியை வைத்து அளந்தால் தென்னமெரிக்காவின் டைனோபொனேரா முந்துகிறது, அதன் பெரிய இனத்தில் 3 செ.மீ.-ஐத் தாண்டும். ராணியை வைத்து அளந்தால் ஆப்பிரிக்கப் படையெறும்பு டோரிலஸ், முட்டை நிறைந்த ராணி சுமார் 5 செ.மீ. அழிந்துபோனவற்றையும் சேர்த்தால் டைட்டனோமிர்மா. ஜெர்மனியின் மெசெல் சுரங்கத்துப் பாறையில் கிடைத்த அதன் ராணியின் உடலும் 5 செ.மீ.-க்கு மேல், இறக்கை விரிப்பு 15 செ.மீ. அளவு. பேரெறும்பு இவற்றுக்கு அடுத்த வரிசை. ஆனால் மர உச்சியில் இரவெல்லாம் கூட்டமாக வேலை செய்யும் எறும்புகளில், நம் காட்டில் இதற்கு மேல் பெரியது கிடையாது.